மடியை நனைக்கும் வால்வுகள்: வாசகர் கேள்வி – பதில்

பித்தளை ஊதுகருவிகளின் வால்வுக்கு அடியில் சொட்டும் நீரைப் பற்றித்தான் இம்முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துக்கொண்டோம். “ஒரு சொட்டுகூட வராமல் நிறுத்த வழி உண்டா?” என்று கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடலாம்: கிடையாது. குறைக்கலாம், கீழே விழுமுன் பிடிக்கலாம்.

கேள்வி: அரை மணி நேரம் யூஃபோனியம் வாசித்தால் முதல் வால்வின் அடியிலிருந்து மடியில் சொட்டுகிறது. துவைத்தாலும் போகாத சாம்பல் நிறக் கறை வேறு. இவ்வளவும் என் எச்சிலா? கருவியில் ஓட்டையா?

பதில்: இரண்டும் இல்லை. எச்சில் கொஞ்சம் கலந்திருக்கும். பெரும்பகுதி மூச்சிலிருந்து குளிர்ந்து படிந்த வெறும் நீர். நாம் வெளிவிடும் மூச்சு சுமார் 34 டிகிரி செல்சியஸில், கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு வருகிறது. அந்த வெப்பத்தில் 1,000 லிட்டர் காற்று ஏறத்தாழ 38 கிராம் நீராவியைச் சுமக்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மீதி 20 கிராமும் குழாய்ச் சுவரில் படிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 100 நிமிடத்தில் 20 மி.லி. சொட்டாக எண்ணினால் சுமார் 400! வாசிக்க வாசிக்கக் கருவி சூடேறுவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே சேரும். ஆனால் ஏசி அறையில் சில்லென்று இருக்கும் கருவியை எடுத்து ஊதும் முதல் பத்து நிமிடத்தில் நீர் ஏன் அப்படிக் கொட்டுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முதல் வால்வு மட்டும் ஏன்? யூஃபோனியத்திலும் ட்யூபாவிலும் மவுத்பீஸுக்கு அடுத்த லீட் பைப் பெரும்பாலும் நேராக முதல் வால்வில்தான் போய்ச் சேர்கிறது. லீட் பைப்பில் படிந்த நீரெல்லாம் வழியில் வாட்டர் கீ (நீரை வெளியேற்றத் திறந்து மூடும் சிறு மூடி) எதுவும் இல்லாமல் அங்கே வந்து இறங்கும். ட்ரம்பெட்டில் இது தலைகீழ். காற்று லீட் பைப், டியூனிங் ஸ்லைடு (ஸ்லைடு என்பது இழுத்துக் கழற்றக்கூடிய வளைகுழாய்) வழியாக மூன்றாவது வால்வில் நுழைந்து, முதல் வால்வு வழியாக பெல்லுக்கு, அதாவது விரிந்த வாய்ப்பகுதிக்கு, போகிறது. அதனால் ட்ரம்பெட்காரர்களுக்கு மூன்றாவது வால்வுதான் அதிகம் சொட்டும். வால்வுக்குள் வந்த நீர், விரலால் அழுத்தும் உருளையான பிஸ்டனுக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்) ஊர்ந்து இறங்கிக் கீழ்மூடியில் தேங்கி, அதன் நடுத்துளை வழியே சொட்டுகிறது.

கறைக்குக் காரணம் நீர் இல்லை. இறங்கி வரும்போது வால்வு ஆயிலையும், உலோகம் தேய்ந்த நுண்தூளையும் அது கூட்டிக்கொண்டு வருகிறது. துணியை நனைப்பதற்கு முன் கறையில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துத் துவையுங்கள். முதலில் தண்ணீர் பட்டுவிட்டால் எண்ணெய் எளிதில் விடாது.

கேள்வி: ட்ரம்பெட்டின் கீழ்மூடித் துளைகளை டேப் ஒட்டி அடைத்தேன். சொட்டு நின்றது. ஆனால் வால்வு மந்தமாக எழுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. அந்தத் துளை நீர் போக வைத்ததல்ல, காற்று போக வைத்தது. ட்ரம்பெட் பிஸ்டனின் விட்டம் சுமார் 17 மி.மீ. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதன் அடியிலிருந்து 3, 4 மி.லி. காற்று வெளியேற வேண்டும். விரலை எடுத்ததும் அதே அளவு உள்ளே வர வேண்டும். துளையை அடைத்தால் அடியில் காற்று மெத்தை ஒன்று உருவாகிவிடும். இறங்கும்போது எதிர்க்கும், எழும்போது இழுத்துப் பிடிக்கும். மெதுவாக வாசித்தால் தெரியாது, வேகமான பகுதியில் காலை வாரிவிடும். போதாததற்கு, வெளியேற வழியில்லாத நீர் மூடிக்குள் ஏறி, பிஸ்டனின் அடியைத் தொட்டு, ஆயிலைக் கழுவிவிடும். அப்புறம் வால்வு மந்தமாவது காற்றால் மட்டும் இல்லை.

மெழுகு, சூயிங் கம், பசை எதை வைத்து அடைத்தாலும் இதே கதைதான். டேப்பை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பசையை வால்வு ஆயில் தொட்ட துணியால் துடையுங்கள். துளையில் அழுக்கு அடைத்திருந்தால் மரப் பல்குச்சி போதும். ஊசி போட்டுக் குடையாதீர்கள்.

இந்த அடித்துளைத் தொல்லை ஆரம்ப காலத்தில் வேறு மாதிரி இருந்தது. வால்வுக்கு 1818-இல் ஷ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் சேர்ந்து காப்புரிமை பெற்றார்கள். ஷ்டோல்ட்செல் பெயரால் வழங்கிய பிஸ்டனில் காற்றுப் பாதையே உறையின் அடிப்பக்கம் வழியாகப் போயிற்று. அங்கே மூடியும் இல்லை, மடியில் சொட்டத் துளையும் இல்லை. பின்னால் வந்து இன்றுவரை நிலைத்த பெரினே வகையில் காற்று பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியேறுகிறது. காலியாக விடப்பட்ட அடிப்பக்கம் நீருக்குக் குடியிருப்பாகிவிட்டது.

கேள்வி: சொட்டைப் பிடிக்க வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள முடியுமா? துண்டை மடியில் போட்டால் நழுவி விழுகிறது.

பதில்: முடியும். கருவியைப் பொறுத்து இரண்டு விதம்.

ட்ரம்பெட், கார்னெட் மாதிரிச் சிறிய கருவிகளுக்கு நாற்காலிக் காலில் மாட்டும் சிலிக்கான் உறை நன்றாகப் பொருந்தும். கீழ்மூடியின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அளவுகோல் வைத்தால் தவறும். ஒரு காகிதக் கீற்றைச் சுற்றி, நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் சரியாக வரும். அதைவிட 1 அல்லது 2 மி.மீ. சிறிய உறையாக எடுங்கள். சிலிக்கான் இழுபடும், இறுகப் பிடித்துக்கொள்ளும். உறையின் ஆழம் குறைந்தது 20 மி.மீ. இருக்கட்டும். அதில் மேல் 8 மி.மீ. மூடியைக் கவ்வும். மீதி 12 மி.மீ. கிண்ணம்.

இனிதான் முக்கியமான வேலை. கவ்வும் பகுதிக்குச் சற்றுக் கீழே, அதாவது மேல்விளிம்பிலிருந்து 10 மி.மீ. இறக்கத்தில், எதிரெதிராக இரண்டு துளைகள் போடுங்கள், ஒவ்வொன்றும் 3 மி.மீ. காகிதம் துளைக்கும் பஞ்ச் சிலிக்கானில் வழுக்கும்; ஆணியின் முனையைச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் கிழிந்து பிசிறாகும். பழைய ஆன்டெனாவிலிருந்து வெட்டிய மெல்லிய உலோகக் குழாயின் விளிம்பைக் கூராக்கி, மரக்கட்டை மேல் உறையை விரித்து, திருகி அழுத்தினால் வட்டமாக வெட்டும். அடியில் 4 மி.மீ. தடிமனுள்ள செல்லுலோஸ் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டிப் போடுங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் நனைந்தால் உப்பும். அதனால் நனைத்துப் பிழிந்த நிலையில்தான் அளந்து வெட்ட வேண்டும். ஸ்பாஞ்சின் மேற்பரப்புக்கும் கீழ்மூடிக்கும் நடுவே 5 மி.மீ. வெற்றிடம் இருக்கிறதா பாருங்கள். ஸ்பாஞ்ச் துளையைத் தொட்டால், அது நனைந்த நிமிடத்திலிருந்து டேப் ஒட்டியதற்குச் சமம்.

மாட்டியதும் வால்வை வேகமாக இருபது முறை அழுத்திப் பாருங்கள். உறை இல்லாமல் அழுத்தியதற்கும் இதற்கும் விரலுக்கு வித்தியாசமே தெரியக்கூடாது. தெரிந்தால் காற்றுத் துளையைப் பெரிதாக்குங்கள்.

யூஃபோனியம், பாரிட்டோன், மேலிருந்து அழுத்தும் ட்யூபா இவற்றுக்குத் தனித்தனிக் கிண்ணத்தைவிடத் துணித் தொட்டில் நல்லது. மூன்று வால்வுகளையும் ஒன்றாகச் சுற்றி நூலால் அளக்கவும். 24 செ.மீ. வந்தால், 28 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள பட்டை ஒன்று வெட்டுங்கள். மேற்பொருந்தும் 4 செ.மீ.-இல் வெல்க்ரோ. பட்டையின் கீழ்விளிம்பில் ஒரு பை தைக்க வேண்டும். உள்பக்கம் மைக்ரோஃபைபர் துணி இரண்டு மடிப்பு, வெளிப்பக்கம் குடைத்துணி மாதிரி நீர் ஊறாத துணி. வெளித்துணி இல்லாமல் மைக்ரோஃபைபர் மட்டும் தைத்தால், சொட்டு மடிக்கு வராது; ஈரம் மட்டும் பொறுமையாக வந்து சேரும். பை 1 செ.மீ.யாவது தொய்ந்து தொங்க வேண்டும். வால்வு உறைகளை இணைக்கும் குழாய்கள் குறுக்கே வரும் இடங்களில் பட்டையில் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். துணியை வெட்டுமுன் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்த்தால் துணி வீணாகாது.

தைத்து முடித்ததும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., நீரை உள்ளே ஊற்றிப் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். வெளியே ஈரம் தட்டாவிட்டால் ஒரு மணி நேர ஒத்திகையைத் தாங்கும்.

பொருள் தேர்வில் சறுக்குபவர்கள்தான் அதிகம். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. வெள்ளி முலாம் பூசிய கருவியில் சுற்றி ஒரு வாரம் விட்டால் கறுப்பு வளையம் விழும். தோல் பட்டை பார்க்க அழகு. ஆனால் தோலில் ஊறிய கொழுப்பும் பதனிட்ட பொருளும் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். வெல்க்ரோவில் சொரசொரப்பான கொக்கிப் பக்கம் கருவியின் லாக்கர் பூச்சைக் கீறும். அது எப்போதும் வெளியே பார்த்தபடி இருக்க, மென்மையான பக்கம் உலோகத்தைத் தொடட்டும். டிஷ்யூ காகிதம் வேண்டவே வேண்டாம். நனைந்து கூழாகி, துளை வழியே இழை இழையாக உள்ளே போகும்.

இன்னொன்று: பெட்டியில் வைக்கும் முன் கிண்ணமோ தொட்டிலோ கழற்றிவிடுங்கள். பெட்டியின் அச்சு, வெறும் கருவியின் அளவுக்குச் செய்தது. அடியில் 12 மி.மீ. கூடுதலாகத் துருத்திக்கொண்டிருக்க, மூடியை அமுக்கிப் பூட்டினால் அந்த அழுத்தம் வால்வு உறை மீதுதான் விழும்.

கேள்வி: கீழ்மூடிக்கு உள்ளேயே ஸ்பாஞ்ச் வட்டம் போட்டால் வெளியே எதுவும் தெரியாதே?

பதில்: தெரியாது, ஆனால் செய்யாதீர்கள். நுரை ஸ்பாஞ்ச் ஆயிலில் ஊறிச் சில மாதங்களில் பொடியும். அந்தப் பொடி பிஸ்டனோடு மேலே ஏறினால் வால்வு சிக்கிக்கொள்ளும். ஈரத்தை உலோகத்தை ஒட்டியே வைத்திருப்பதும் அரிப்புக்கு அழைப்பு. பிஸ்டனுக்கு அடியில் ஸ்பிரிங் உள்ள கருவியாக இருந்தால் பேச்சே இல்லை, அங்கே எதற்கும் இடம் கிடையாது.

கேள்வி: ட்ரம்பெட்டில் களகளவென்று சத்தம். வாட்டர் கீயைத் திறந்து ஊதினாலும் போகவில்லை. நீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

பதில்: சத்தமே இடத்தைச் சொல்லிக்கொடுக்கும். எந்த வால்வும் அழுத்தாமல் ஊதும்போதும் களகளத்தால் நீர் பிரதான வழியில் இருக்கிறது: லீட் பைப், டியூனிங் ஸ்லைடு, அல்லது பெல்லின் வளைவு. முதல் வால்வை அழுத்தினால் மட்டும் என்றால் அந்த வால்வின் ஸ்லைடில். இரண்டாவதை அழுத்தினால் மட்டும் என்றால் அந்தக் குட்டி ஸ்லைடில். அதற்கு வாட்டர் கீ இருக்காது என்பதால் பலர் மறந்துவிடுவது அதைத்தான். மூன்றாவது ஸ்லைடில் நீர் இருந்தால் மூன்றாவது வால்வை அழுத்திக்கொண்டே அதன் வாட்டர் கீயைத் திறந்து ஊத வேண்டும். வால்வை அழுத்தாமல் ஊதினால் காற்று அந்தப் பக்கமே போகாது.

இரண்டாவது ஸ்லைடை இழுக்கும்போதும் அந்த வால்வு அழுத்தியபடியே இருக்கட்டும். அழுத்தாமல் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ‘பொப்’ என்று விடுபடும். அந்த உறிஞ்சலில் பிஸ்டன் மீதிருக்கும் ஆயில் படலமும் கலையும். பெல் வளைவில் இருந்தால் மவுத்பீஸைக் கழற்றிவிட்டு பெல்லைத் தரைநோக்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

வாட்டர் கீயைத் திறந்து புயலாக ஊதத் தேவையில்லை. உதடு அதிராமல், சூடான மூச்சை மெதுவாக, நீளமாக விட்டால் நீர் தானாக வழிந்து வரும். வேகமாக ஊதினால் பாதி நீர் துளையைத் தாண்டி வால்வுக்குள்ளே தெறித்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்கிறவருக்கு மூன்றாவது வால்வின் அடியில் சொட்டுவது நன்றாகவே குறையும். நீரை வால்வுக்கு முன்னாலேயே மறிப்பதுதானே இது. வாரத்துக்கு ஒருமுறை மவுத்பீஸைக் கழற்றி லீட் பைப்பில் இரண்டு சொட்டு வால்வு ஆயில் விட்டு ஊதிப் பரப்புங்கள். எண்ணெய் பூசிய சுவரில் நீர் படலமாக ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு வாட்டர் கீக்கு ஓடும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழும் செவ்வரிப்பும் தள்ளிப்போகும்.

கேள்வி: வாட்டர் கீயிலிருந்தே கசிகிறது, சில சுரங்களும் நிற்காமல் ஆடுகின்றன. கார்க்கை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. கசிகிற வாட்டர் கீ நீரைவிடக் காற்றைத்தான் அதிகம் விடுகிறது, சுரம் ஆடுவது அதனால்தான்.

பழைய கார்க்கை மரக்குச்சியால் பெயர்த்து, அது உட்கார்ந்திருந்த கீயின் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள். கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகப் புதிய வட்டம் வெட்ட வேண்டும். கார்க் தகடு கிடைக்காவிட்டால் இயற்கையான பாட்டில் கார்க் போதும். அதைக் காசு மாதிரிக் குறுக்கே சீவுங்கள், நெடுக்கே அல்ல. கார்க்கின் பழுப்பு நிற நுண்துளைக் கோடுகள் பாட்டில் அடைப்பானில் குறுக்காக ஓடும்படிதான் வெட்டப்பட்டிருக்கும். காசுபோலச் சீவினால் அவை வட்டத்தின் தளத்திலேயே கிடக்கும். நெடுக்கே எடுத்த துண்டில் மேலிருந்து கீழாகத் துளைத்துக்கொண்டு போய் அவையே கசியும். தூளை ஒட்டிச் செய்த கார்க் வேண்டாம், ஈரத்தில் உதிரும்.

தடிமன்தான் இதில் நுட்பமான இடம். தற்காலிகமாகக் கிண்ணத்தில் செருகி மூடிப் பாருங்கள். கீலுக்குப் பக்கத்துப் பகுதி முதலில் பட்டு, முன்பக்கம் இடைவெளி விட்டால் கார்க் தடிமன் கூடுதல். முன்பக்கம் முதலில் பட்டால் குறைவு. சமதளத்தில் விரித்த மெல்லிய உப்புத்தாளில் கார்க்கை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும். கத்தியால் சீவினால் ஒருபக்கம் சரியும். பொருந்தியதும் கான்டாக்ட் சிமென்ட் ஒரு சிறு சொட்டு. சூப்பர் குளூ விட்டால் கார்க் அதை உறிஞ்சிக் கல்லாகிவிடும், அடுத்த முறை பெயர்க்கவும் முடியாது.

ஒட்டி ஓர் இரவு மூடியபடி விடுங்கள். காலையில் திறந்து பார்த்தால் கார்க்கின் முகத்தில் முழு வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மெல்லிய தாளில் 3 மி.மீ. கீற்று வெட்டி, மூடிய கீயின் அடியில் நான்கு திசைகளிலும் வைத்து இழுத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே பிடிப்பு இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கேதான். கார்க் சரியாக இருந்தும் கசிந்தால், குழாயில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி வாயின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்; நெளிந்தோ சொரசொரத்தோ இருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்குவதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது.

ஸ்பிரிங் தளர்ந்துபோய் நிகழ்ச்சிக்கு நடுவே கசிந்தால் ரப்பர் பேண்ட் சுற்றிச் சமாளிக்கலாம். அன்றிரவே கழற்றிவிட வேண்டும், மேலே சொன்ன கந்தகம் ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: ட்யூபாவின் கீழ்மூடித் துளையில் பருத்தி நூலை நுழைத்துத் தொங்கவிட்டால், நீர் நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டிலுக்குள் இறங்கிவிடாதா?

பதில்: யோசனை நல்லது, நுழைப்பதுதான் தவறு. நூலின் இழைகள் உள்ளே பிரிந்து பிஸ்டனில் சுற்றும். உள்ளே விடாமல் வெளியே கட்டுங்கள். நாலைந்து இழை முறுக்கிய பருத்தி நூலை மூடியைச் சுற்றி இறுக்கி, அதன் ஒரு வளையம் துளையின் விளிம்பை வெளியிலிருந்து தொடும்படி வைத்து, மறுமுனையைச் சிறு மருந்துக் குப்பிக்குள் விடுங்கள். துளை விளிம்பில் தொங்கும் சொட்டு நூலைத் தொட்டதும் அதன் வழியே இறங்கும். நூலை முதலிலேயே நனைத்துப் பிழிந்துவிட வேண்டும். காய்ந்த நூலில் ஆயில் முதலில் ஏறிவிட்டால் நீர் அதில் ஒட்டாமல் பக்கத்தில் சொட்டும். எப்படியும் சில நாளில் ஆயில் ஊறிப்போகும், நூலை மாற்றுங்கள். குப்பியின் வாயை இறுக மூடாதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ட்யூபாவில் சொட்டுவதில் பெரும்பங்கு லீட் பைப்பில் சேர்ந்த நீர். நீண்ட ஓய்வு கிடைக்கும் இடங்களில் மவுத்பீஸைக் கழற்றி, அது பொருந்தும் வாய் எல்லாவற்றுக்கும் கீழே வரும்படி கருவியைச் சாய்த்துப் பிடித்தால் வால்வுக்குப் போகவிருந்த நீர் வந்த வழியே வெளியேறிவிடும். கனமான கருவி, இரண்டு கையாலும் பிடித்துச் செய்யுங்கள்.

கேள்வி: கெட்டியான வால்வு ஆயில் போட்டால் சொட்டு நிற்குமா?

பதில்: தேய்ந்த வால்வில் கொஞ்சம் குறையும். இறுக்கமான புதிய வால்வில் குறையாது, விரல்தான் கனக்கும். வால்வு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க: வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை ஒரு செ.மீ. இழுத்துப் பிடித்து ஐந்து விநாடி எண்ணுங்கள். பிறகு வால்வை அழுத்துங்கள். ‘பொப்’ என்று கேட்டால் அடைப்பு நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் காற்று அதற்குள் பிஸ்டனைச் சுற்றி நுழைந்துவிட்டது. (இழுக்கக் கூடாது என்று மேலே சொன்னதைத்தான் இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். சோதித்து முடித்ததும் ஆயில் விட்டுவிடுங்கள்.)

சொட்டுவது நீரா ஆயிலா என்பதையும் பாருங்கள். வெள்ளைத் தாளில் விழவைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். தடமில்லாமல் காய்ந்தால் நீர். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வட்டம் நின்றால் ஆயில். நீங்கள்தான் அதிகமாக விடுகிறீர்கள். ட்ரம்பெட் பிஸ்டனுக்கு 4, 5 சொட்டு போதும். பழைய ஆயிலும் நீரும் கலந்து பால்போல் இருந்தால், அதன் மேலேயே புதிதாக விடாமல் பிஸ்டனைத் துடைத்துவிட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் கூடாது, பிசினாக இறுகிவிடும்.

கேள்வி: பிரெஞ்ச் ஹார்னுக்கும் தொட்டில் தேவையா?

பதில்: தேவையில்லை. அதிலுள்ள சுழல் வால்வின் மூடியில் காற்றுத் துளை கிடையாது. நீர் ஸ்லைடுகளில் தங்கும். வால்வை அழுத்தியபடி ஒவ்வொன்றாகக் கழற்றி உதறுங்கள். சுழல் வால்வின் மூடியிலிருந்து கசிந்தால் மூடி தளர்ந்திருக்கிறது, கையால் இறுக்குங்கள்.

கேள்வி: மரத்தரை உள்ள அரங்கில் வாசிக்கிறோம். கீழே விடும் நீரால் தரையில் வெள்ளைத் திட்டு விழுகிறது என்று புகார்.

பதில்: பழைய குளியல் துண்டை 30 செ.மீ. சதுரமாக மடித்து, அடியில் நீர் ஊறாத ஷீட் தைத்துக் காலடியில் போடுங்கள். ஷீட் மட்டும் விரித்தால் நீர் குட்டையாக நின்று வழுக்கும். துண்டு மட்டும் விரித்தால் ஈரம் தரைக்கு இறங்கும். தட்டு வைத்தால் காலில் இடறிச் சத்தம் போடும், மெல்லிசைப் பகுதியில்தான் இடறும்.

கேள்வி: நீர்பிடிக்கும் ஸ்பாஞ்சில் நாற்றம் வருகிறது. துவைத்தால் போதுமா?

பதில்: ஸ்பாஞ்ச் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். துணித் தொட்டிலை ஒவ்வொரு முறை வாசித்ததும் சோப்பு நீரில் கசக்கி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் காயப்போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், இழைகளில் படிந்து நீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். சிலிக்கான் உறையைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம்.

நாற்றம் வந்த பிறகு கருவியின் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். டிராம்போன் வாசிக்கும் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாட்டிய இருமலுக்கு, கருவிக்குள் வளர்ந்திருந்த பூஞ்சையும் பாக்டீரியாவும் காரணம் என்று 2010-இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியிருக்கிறது. கருவியைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இருமல் தணிந்தது. பிஸ்டன்களையும் ஸ்லைடுகளையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுத் திரவ சோப்புக் கலந்து, வளையும் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கை பொறுக்காத சூட்டில் நீர் ஊற்றினால் லாக்கர் உரியும். பிஸ்டனின் மேலே உள்ள ஃபெல்ட் வளையங்கள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் உப்பி, பிஸ்டன் இறங்கும் அளவு மாறி, துளைகள் நேர்கோட்டில் பொருந்தாது. கீழ்மூடிகளைத் தனியாகக் கழுவி, மரையில் ஸ்லைடு கிரீஸை விரல் நுனியில் தொட்டுத் தடவித் திருப்புங்கள். கிரீஸ் இல்லாமல் மாட்டிய மூடி அடுத்த முறை இடுக்கி கேட்கும். இடுக்கி போட்டால் மூடி நீள்வட்டமாகிவிடும். இறுகிய மூடியை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள், அசையாவிட்டால் மரக் கரண்டியின் காம்பால் சுற்றிலும் மெல்லத் தட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.